சென்னையில் ஓராண்டு: ரிச்சர்ட் பலன்டைன் என்ற மோர்மன் முன்னோடியின் கதை

1854ஆம் ஆண்டு சென்னைப் பட்டினத்திலிருந்து ஆங்கில மாதச் சஞ்சிகை ஒன்று வெளிவந்தது. 'மிலேனியல் ஸ்டார் அண்ட் மன்த்லி விசிட்டர்' என்பது அதன் பெயர். இங்கிலாந்தில் மோர்மன்கள் 1840 முதல் நடத்திவந்த 'மிலேனியல் ஸ்டார்' என்ற ஏட்டின் பெயரை இரவல் வாங்கி, அதனோடு இரண்டு சொற்களை ஒட்டவைத்திருந்தார்கள். சில இதழ்களுடன் அது நின்றுபோயிற்று. தமிழ்நாட்டுப் பத்திரிகை வரலாறு எழுதியவர்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பொருட்படுத்தாததில் வியப்பும் இல்லை. அது தமிழ் ஏடும் அல்ல, தமிழருக்காக எழுதப்பட்டதும் அல்ல.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவனுக்கு, அற்பாயுளில் மாண்ட ஏடுகள்மீது ஒரு தனிப் பாசம் உண்டு. அவற்றுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பிடிவாதக்கார மனிதர் இருப்பார். சென்னையின் அந்தச் சிற்றேட்டுக்குப் பின்னால் இருந்தவர் ரிச்சர்ட் பலன்டைன். ஸ்கொட்லாந்தில் பிறந்த ரொட்டி வெதுப்புநர். அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலத்தில் குடியேறிய மோர்மன் முன்னோடிகளுள் ஒருவர். அச்சபையின் முதலாவது ஞாயிறு பாடசாலையை அந்தப் பள்ளத்தாக்கில் ஆரம்பித்தவர் என்ற பெயர்தான் அவருக்கு இன்று அங்கே எஞ்சியுள்ளது. சென்னையில் அவர் கழித்த ஓராண்டு பற்றி அங்கே அறிந்தவர்கள் குறைவு, இங்கே அறிந்தவர்கள் அதனினும் குறைவு.

மோர்மன் என்ற பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1830 ஏப்ரலில் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் தொடங்கிய சபை அது. பைபிளுடன் சேர்த்து அவர்கள் வேதமாகக் கொள்ளும் 'மோர்மன் நூல்' காரணமாக ஊரார் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை என்பதே முழுப்பெயர். மோர்மன் என்று தம்மை அழைப்பதைத் தவிர்க்குமாறு 2018இல் அதன் தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். பலன்டைன் வாழ்ந்த காலத்தில் நண்பரும் பகைவரும் அப்படியே அழைத்தனர் என்பதால் நானும் இங்கே அச்சொல்லையே ஆள்கிறேன்.

பலன்டைன் 1817 ஒகஸ்ட் 26ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் தென் எல்லையிலுள்ள ரொக்ஸ்பரோஷயரில், விட்ரிஜ்பொக் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினான்கு வயதளவில் ரொட்டி வெதுப்பும் தொழிலைக் கற்கச் சேர்த்துவிட்டார்கள். பின்னர் ஏர்ல்ஸ்ரன் என்ற ஊரில் சொந்தமாக வெதுப்பகம் வைத்தார். பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் ஒரு கிளையில், இருபத்தோரு வயதிலேயே மூப்பர் பதவி. அங்கே ஞாயிறு தோறும் சிறுவர்களைக் கூட்டி வேதம் படிப்பித்தார். இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் றொபேர்ட் ரெய்க்ஸ் 1780இல் பரவலாக்கிய ஞாயிறு பாடசாலை முறை அக்காலத்தில் பிரித்தானியா முழுவதும் பரவியிருந்தது. கிழமையில் ஆறு நாளும் வேலைக்குச் செல்லும் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கிடைத்த ஒரே நாள் ஞாயிறுதான். அந்த முறையைப் பலன்டைன் பின்னாளில் எவ்வளவு தொலைவுக்குச் சுமந்து சென்றார் என்பதை மேலே பார்க்கலாம்.

அமெரிக்காவிலிருந்து வந்த மோர்மன் போதகர்களின் செய்தி அவரை எட்டியபோது உடனே பாய்ந்து சேர்ந்துவிடவில்லை. மாதக் கணக்கில் வாசித்து, வாதிட்டு, 1842 டிசெம்பரில்தான், எடின்பரோவின் துறைமுகமான லீத்தில், உறைபனிக் காலத்துக் கடலில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டு தாயாரையும் உடன்பிறந்தாரையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் மோர்மன்கள் எழுப்பிய நோவூ நகரம் அவர்களின் இலக்கு. அங்கே அவருடைய சகோதரி ஜேன், பின்னாளில் சபையின் மூன்றாவது தலைவரான ஜோன் ரெய்லரை 1844இல் மணந்தார். ரெய்லருக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். பலதார மணம் அப்போது சபைக்குள் இரகசியமாக நடைமுறையில் இருந்தது. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் அது பலன்டைனின் காலைச் சுற்றப்போகிறது.

1844 ஜூன் 27ஆம் திகதி காதேஜ் நகரச் சிறையில் ஜோசப் ஸ்மித்தையும் அவரது சகோதரரையும் ஆயுதக் கும்பல் ஒன்று சுட்டுக்கொன்றது. அதே அறையில் இருந்த ரெய்லர் படுகாயத்துடன் தப்பினார். 1846 பெப்ரவரியில், ஆறு உறையும் குளிரில், பிரிகாம் யங்கின் தலைமையில் ஜனங்கள் மேற்கு நோக்கி வெளியேறத் தொடங்கினர். வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவதன் பொருள் என்னவென்று நம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை.

எல்லோரும் ஒரே நாளில் போய்விடவில்லை. சொத்தை விற்கவும் விளைந்த கோதுமையை அறுக்கவும் சிலர் தங்கினர். பலன்டைன் அவர்களுள் ஒருவர். அவ்வாண்டு ஜூலையில், வயலில் அறுவடை செய்துகொண்டிருந்தவர்களை ஒரு கும்பல் பிடித்துச் சவுக்கால் அடித்தது. அதற்குப் பொறுப்பானவர்கள் சிலர் கைதானார்கள். பதிலுக்குக் கும்பல் பிணைக்கைதிகளைப் பிடித்தது. பிரிகாம் யங்கின் அண்ணன் பினியாஸ் யங், பலன்டைன் உட்பட ஐவர் அவர்கள் கையில் சிக்கினர். ஏறத்தாழ இரண்டு வாரம் காட்டுக்குக் காடு மாற்றிமாற்றி வைத்திருந்தார்கள். சுடப்போகிறோம் என்று மிரட்டினார்கள். உயிரோடு திரும்பியது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த குளிர்காலத்தை மிசூரி ஆற்றங்கரையின் தற்காலிகக் குடியிருப்பில் கழித்தார். அங்கேதான் 1847 பெப்ரவரியில் ஹல்டா மெரியா கிளார்க் என்ற பெண்ணை மணந்தார். 1848இல் சமவெளிகளைக் கடந்து உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். மோர்மன் வரலாற்று நூல்கள் அந்நிலத்தை வெற்றுப் பாலைவனம் என்றே வருணிக்கும். அது வெற்று நிலமன்று. யூட், சொசோனி ஆகிய பூர்வகுடிகள் அங்கே நடமாடி, வேட்டையாடி, விதை பொறுக்கி வாழ்ந்துவந்தார்கள். துரத்தப்பட்டவர்கள் வந்து குடியேறியதால் அவர்கள் துரத்தப்பட்டார்கள். முன்னோடி என்ற சொல்லை நான் இக்கட்டுரையில் பயன்படுத்தும் போதெல்லாம் இந்த நெருடலோடுதான் பயன்படுத்துகிறேன்.

இனிப் பாடசாலை. பள்ளத்தாக்கின் முதல் ஆண்டுகள் பஞ்ச ஆண்டுகள். பெரியவர்கள் மதகு வெட்டுவதிலும் வேலி கட்டுவதிலும் மூழ்கியிருந்தார்கள். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்தெருக்களில் கட்டற்றுத் திரிந்தனர். ஸ்கொட்லாந்தில் பார்த்துப் பழகிய பாடசாலையைப் பலன்டைன் இங்கே ஆரம்பிக்க விரும்பினார். கட்டடம் இல்லை. ஆகவே தம் வீட்டையே அதற்கேற்பக் கட்டினார். மலைக் கணவாய்களிலிருந்து அத்திவாரக் கல்லும் மரமும் கொண்டுவந்து, சுடாத மண் கற்களால் சுவரெழுப்பி, முன்னறையை வகுப்பறையாக அமைத்தார். பிளந்த மரத்தை அறுத்துக் கால் பொருத்திய வாங்குகள்தாம் இருக்கைகள். 1849 டிசெம்பர் 9ஆம் திகதி, பனி படர்ந்த ஞாயிறு காலையில், முப்பது பிள்ளைகளளவில் வந்து சேர்ந்தார்கள். முப்பத்திரண்டு வயதான அந்த வெதுப்புநர்தான் ஆசிரியர். விரைவில் தொகை ஐம்பதாயிற்று. அடுத்த ஆண்டில் வட்டாரச் சபைக் கட்டடத்துக்குப் பாடசாலை மாறியது. பிற வட்டாரங்களும் பின்பற்றின. 1867இல் அவையெல்லாம் ஓர் ஒன்றியத்தின் கீழ் வந்தன.

இவ்வளவோடு நின்றிருந்தால் பலன்டைன் ஓர் ஊர்ப் பெரியவராக, பேரப்பிள்ளைகள் சூழ, அமைதியாகக் காலத்தைக் கழித்திருப்பார். 1852 ஒகஸ்ட் இறுதியில் சோல்ட் லேக் நகரில் கூடிய விசேட மாநாடு அதை மாற்றியது. அம்மாநாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. முதல் நாள், நூற்றுக்கும் அதிகமான ஆண்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டு, உலகத்தின் பல மூலைகளுக்கும் போதகர்களாக அனுப்பப்பட்டனர். பலன்டைனின் பெயருக்கு நேரே 'இந்துஸ்தான்' என்றிருந்தது. மறுநாள், ஒகஸ்ட் 29ஆம் திகதி, ஓர்சன் பிராட் என்ற அப்போஸ்தலர் பலதார மணம் சபையின் கோட்பாடு என்பதை முதன்முதலாகப் பகிரங்கமாக அறிவித்தார். முதல் நாள் அனுப்பப்பட்டவர்களின் தோளில் இரண்டாம் நாள் ஏற்றப்பட்ட பாறாங்கல் அது. எந்த நாட்டில் இறங்கினாலும் அந்தச் செய்தி அவர்களுக்கு முன்னரே அங்கு சென்று காத்திருந்தது.

சம்பளம் கிடையாது. வழிச்செலவும் கிடையாது. சுவிசேஷத்தில் சொல்லப்பட்ட சீடர்களைப் போலப் பணப்பையின்றிப் போக வேண்டும் என்பது விதி. வீட்டில் ஹல்டாவும் சிறு குழந்தைகளும். திரும்பி வர எத்தனை ஆண்டாகும் என்று யாருக்கும் தெரியாது. மோர்மன் வரலாற்றில் போதகர்களின் நாட்குறிப்புகள் நிறையவே உண்டு. பலன்டைனும் எழுதினார். அவர் போன பின் விறகு வெட்டியது யார், மாவுப் பீப்பாவின் அடியைச் சுரண்டியது யார் என்பதைச் சொல்லும் நாட்குறிப்புகள் அந்த அளவுக்கு இல்லை. மூன்றாண்டு வரலாற்றில் அந்தப் பெண்ணின் பங்கு பெரிது என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒக்டோபரில் வண்டிகளில் புறப்பட்டுத் தெற்குப் பாதையால் கலிபோர்னியா சென்றார்கள். சான் பிரான்சிஸ்கோ அப்போது தங்கச் சுரங்க மோகத்தின் உச்சியில் இருந்தது. அங்கே விவசாயத்தில் செல்வந்தரான ஜோன் ஹோர்னர் என்ற மோர்மன் பயணச் செலவில் பெரும் பங்கை ஏற்றுக்கொண்டார். 1853 ஜனவரி இறுதியில் 'மொன்சூன்' என்ற கப்பலில் பதின்மூன்று பேர் ஏறினர். ஒன்பது பேர் இந்தியாவுக்கு, நால்வர் சியாமுக்கு. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் இறுதியில், கல்கத்தாவில் இறங்கினார்கள்.

கல்கத்தாவில் அவர்களை வரவேற்றது ஏமாற்றம். இங்கிலாந்திலிருந்து வந்த மாலுமிகள் மூலமும், பின்னர் 1851இல் வந்த போதகர்கள் மூலமும் அங்கு ஒரு சிறு சபை உருவாகியிருந்தது. கிராமத்து விவசாயிகள் பலரும் சேர்ந்திருந்தனர். மற்ற மிஷன்களைப் போல இச்சபை சம்பளமோ சலுகையோ தராது என்று அறிந்ததும் அவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பசித்தவனுக்குப் பரலோகம் இரண்டாம் பட்சம். சபையில் உறுதியாக நின்றவர்கள் மத்தியு மக்கியூன் போன்ற ஒரு சில பிரித்தானிய இராணுவத்தினரே. அவர் பர்மாவிலும் சபையை வளர்க்க முயன்றவர். கல்கத்தாவில் பிறந்த அவர் மகன் அல்பிரட் மக்கியூன் பின்னாளில் யூட்டாவின் பெரும் செல்வந்தர்களுள் ஒருவரானார். சோல்ட் லேக் நகரில் அவர் கட்டிய மாளிகை இன்றும் ஒரு காட்சிப் பொருள்.

நதானியேல் ஜோன்ஸ் என்பவரைத் தலைவராகத் தெரிந்துகொண்டு, மற்றவர்கள் திசைக்கொருவராகப் பிரிந்தனர். சியாமுக்கு நியமிக்கப்பட்டவர்களுள் சோன்சி வெஸ்ட், பென்ஜமின் டூயி என்ற இருவர் இலங்கைக்கு வந்தார்கள். மோர்மன்களைப் பற்றிய கண்டனப் பிரசுரங்கள் அவர்களுக்கு முன்பே தீவை எட்டியிருந்தன. கேட்பதற்கு ஆளில்லை, தங்குவதற்கு இடமில்லை. இலங்கையைக் கைவிட்டுப் பம்பாய்க்குப் போய்விட்டார்கள். நமது நாட்டின் மோர்மன் வரலாறு அவ்வளவில் முடிந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேல் தூங்கிற்று.

பலன்டைனுக்கு விழுந்த சீட்டு சென்னை. உடன் சென்றவர்கள் றொபேர்ட் ஸ்கெல்டனும் றொபேர்ட் ஓவன்ஸும். 1853 ஜூலையின் பிற்பகுதியில், பருவக் காற்றோடு போராடிய கடற்பயணத்தின் பின், சென்னைக் கரையைக் கண்டார்கள். அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலையேறிக் குதித்துத்தான் கரைசேர வேண்டும். வெள்ளைக்காரப் பயணிகள் பலரின் சென்னை நினைவுகள் நனைந்த உடுப்புடன்தான் தொடங்குகின்றன. இரயிலும் இன்னும் வரவில்லை. இராயபுரத்திலிருந்து முதலாவது வண்டி ஓடியது 1856இல்தான்.

கையில் காசில்லாமல் ஒரு நகரில் இறங்கிய அந்நியர்களுக்கு முதலில் வேண்டியது அச்சகம் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அக்காலத்துச் சமயப் போர் அச்சுக்கூடங்களில்தான் நடந்தது. வாய்மொழிப் பிரசங்கம் ஒரு தெருவோடு நின்றுவிடும். துண்டுப்பிரசுரம் பாளையம் முழுவதும் கைமாறும். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் தம் அச்சுக்கூடத்தை நிறுவி, கிறிஸ்தவக் கண்டனங்களுக்கு விடையாகச் 'சைவதூஷண பரிகார'த்தை 1854இல் வெளியிட்டது இதே காலத்தில்தான். நாவலர் எதிர்த்த புரட்டஸ்தாந்து மிஷனரிமாரே சென்னையில் பலன்டைனையும் எதிர்த்தார்கள் என்பது வரலாற்றின் குறும்பு. 'மோர்மனிசம் என்றால் என்ன' என்று ஓர் ஆங்கிலேயக் குருவானவர் கண்டனப் பிரசுரம் வெளியிட்டார். பலன்டைன் மறுப்பு எழுதி அச்சிட்டார். பலதார மணம் பற்றி 'அ', 'ஆ' என்ற இருவர் உரையாடுவதைப் போல ஒரு பிரசுரமும் எழுதினார். இவற்றையெல்லாம் தொடர்ந்து, 1854இல், நான் ஆரம்பத்தில் சொன்ன மாத ஏடு வந்தது.

பலதார மணத்துக்கு வாதாடிய அந்தப் பிரசுரத்தை எழுதியபோது பலன்டைனுக்கு மனைவி ஒருவர்தான். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், அவர் அனுப்பும் கடிதம் மாதக் கணக்கில் கழித்து வந்து சேரும் இடத்தில், அப்பெண் தனியே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். தமக்கு ஏவப்பட்டது எதுவோ அதைத் தயங்காமல் காத்து நின்ற மனிதர் என்று இதை மெச்சுவோர் உண்டு. எனக்கு அது அவ்வளவு எளிதாகப்படவில்லை.

கேட்டவர்கள் யார்? பெரும்பாலும் பரங்கிமலையைச் சூழ்ந்த வெள்ளைக்காரரும் ஆங்கிலோ இந்தியரும்தான். பரங்கிமலை அன்று பீரங்கிப் படையின் தலைமை நிலையம். படைவீரர்கள், ஓய்வூதியர்கள், அரசாங்க எழுதுவினைஞர்கள் என்று ஆங்கிலம் பேசும் சமூகம் ஒன்று அங்கே இருந்தது. முதலில் ஆவலுடன் கேட்டார்கள். சிலர் ஞானஸ்நானமும் பெற்றார்கள். சிறு சபையொன்று அமைந்தது. உறுப்பினரை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேலதிகாரியின் முகம் சுளித்தால் வேலை போய்விடும் ஒருவனால் ஊர் நகைக்கும் சபையில் பகிரங்கமாக நிற்க முடியாது. மேற்கிலும் இதுவே நிலைமை. புனேயில் போதித்த ஹியூ பின்ட்லே இராணுவக் குடியிருப்பில் நுழையாதவாறு தடுக்கப்பட்டார்.

தோல்விக்கு ஆழமான காரணம் வேறொன்று. அன்றைய மோர்மன் போதனையில் மனந்திரும்புதலுக்கு அடுத்த படி கப்பலேறுதல். நம்பிக்கை கொண்டவர்கள் யூட்டாவில் வந்து கூட வேண்டும். ஊரில் தேவாலயம் கட்டி, பாடசாலை வைத்து, தலைமுறை தலைமுறையாக நிலைக்கும் எண்ணம் அச்சபைக்கு அன்று இருக்கவில்லை. ஆங்கிலேயனுக்கு அது கடினமான பயணம், தமிழனுக்கோ நினைத்தும் பார்க்க முடியாத ஒன்று.

அதே நகரில், அதே ஆண்டுகளில், இன்னொரு அமெரிக்க மிஷனரி தம் மேசையில் குனிந்திருந்தார். மைரன் வின்ஸ்லோ. யாழ்ப்பாணத்து உடுவிலில் பதினைந்தாண்டுக்கு மேல் பணிபுரிந்து, 1836இல் சென்னைக்குப் பெயர்ந்தவர். அவர் 67,000இற்கும் அதிகமான சொற்களைக் கொண்ட தமிழ் ஆங்கில அகராதியை ஆண்டுக்கணக்கில் தொகுத்து 1862இல் வெளியிட்டார். பலன்டைன் சென்னையில் இருந்தது ஓராண்டு. வின்ஸ்லோ தமிழர் நடுவே வாழ்ந்தது நாற்பது ஆண்டுக்கும் மேல். இவருடைய சமயத்தை ஏற்காத நாமும் இவருடைய அகராதியைப் புரட்டுகிறோம். அவருடைய ஏட்டைப் புரட்டுவார் இல்லை. இதைச் சொல்லும்போது பலன்டைனுக்கு நியாயமும் சொல்ல வேண்டும். வின்ஸ்லோவுக்குப் பின்னால் பணபலமுள்ள மிஷன் சங்கமும், பொஸ்டன் முதல் மானிப்பாய் வரை நீண்ட ஆதரவும் இருந்தன. பலன்டைனின் பின்னால் இருந்தது ஒரு வறண்ட பள்ளத்தாக்கு. அங்கிருந்து பணம் வருவதற்குப் பதிலாக, சபை அவரிடமிருந்து ஆட்களை எதிர்பார்த்தது.

நோயும் வறுமையும் வாட்டின. 1854 ஜூலையில் அவர் சென்னையை விட்டுக் கப்பலேறினார். ஸ்கெல்டன் எஞ்சியவர்களைப் பார்த்துக்கொண்டு பின்தங்கினார். அவரும் 1856இல் இந்தியாவை விட்டுப் போக, அந்த அத்தியாயம் மூடிக்கொண்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஆண்டின் இறுதியில் இலண்டனை அடைந்த பலன்டைனுக்கு அங்கே ஓய்வு வாய்க்கவில்லை. 1855 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து 'சார்ள்ஸ் பக்' என்ற கப்பலில் புறப்பட்ட நானூறு மோர்மன் குடியேறிகளுக்குத் தலைவராக அவரை நியமித்தார்கள். மார்ச்சில் நியூ ஓர்லியன்ஸ். அங்கிருந்து ஆற்றுவழியே மேலேறிக் கான்சஸ் எல்லையிலுள்ள மோர்மன் குரோவ் என்ற தங்குமிடம். அவ்வாண்டு வாந்திபேதி அங்கே பலரைப் பலிகொண்டது.

ஜூலைத் தொடக்கத்தில் நானூறு பேரும் நாற்பத்தைந்து அளவிலான மாட்டு வண்டிகளுமாக அவருடைய அணி புறப்பட்டது. ஆங்கிலத் தொழிற்சாலை நகரங்களில் பிறந்தவர்கள், மாட்டுக்கு நுகம் பூட்டத் தெரியாதவர்கள், கைக்குழந்தையுடன் வந்த பெண்கள். ஆயிரம் மைலுக்கும் அதிகமான நடை. எப்போது விழிப்பது, எங்கே தண்ணீர், எந்த வண்டி பின்தங்கிவிட்டது, யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் ஒருவர் தலையில். சென்னையில் பத்துப் பேரைத் திரட்ட முடியாமல் தவித்தவர் இங்கே நானூறு பேரை வழிநடத்தினார். அதற்கு அடுத்த ஆண்டு கைவண்டிகளுடன் காலந்தாழ்த்திப் புறப்பட்ட இரு அணிகள் பனியில் சிக்கி இருநூறுக்கும் மேற்பட்டோரை இழந்தன. அதோடு ஒப்பிட்டால்தான் பலன்டைனின் அணி பனிக்கு முன், 1855 செப்டெம்பர் 25ஆம் திகதி, சோல்ட் லேக் நகருக்குள் நுழைந்ததன் அருமை விளங்கும். மூன்று ஆண்டில் உலகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட வாசலுக்கே திரும்பியிருந்தார்.

திரும்பி வந்தவர், சில ஆண்டுகளுக்குள் மேலும் இருவரை மணந்தார். சென்னையில் தாளில் வாதாடியதை வீட்டில் நடைமுறைப்படுத்தினார். தனித்திருந்து குடும்பத்தைக் காத்த ஹல்டா அதை எவ்வாறு ஏற்றுக்கொண்டார் என்பதைப் பற்றிச் சபை நூல்கள் இனிமையாகவே எழுதுகின்றன. சபை நூல்கள் அப்படித்தான் எழுதும்.

பிற்கால வாழ்வை விரைவாகச் சொல்லிவிடலாம். வடக்கே ஒக்டன் நகரில் குடியேறினார். வெபர் மாவட்டத்தின் ஆணையாளராகப் பல ஆண்டு இருந்தார். 1869இல் கண்டம் கடக்கும் இரயில் பாதை இணைந்தபின் ஒக்டன் பெரிய சந்தி நகரமாயிற்று. வண்டியில் மூன்று மாதம் எடுத்த வழியை இரயில் சில நாட்களாகச் சுருக்கியது. 1872 முதல் அம்மாவட்டத்து ஞாயிறு பாடசாலைகளின் மேற்பார்வையாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது.

ஒன்றை மாத்திரம் நின்று சொல்ல ஆசை. 1877இல், அறுபது வயதில், 'ஒக்டன் ஜங்சன்' என்ற பத்திரிகையை அவர் விலைக்கு வாங்கினார். சென்னையில் பட்டது போதாதென்று மறுபடியும் மையில் கை வைத்தார். ஒன்றரை ஆண்டளவில் நட்டத்துடன் கைவிட்டார். பொருளாதாரத் தடைக் காலத்தில், அச்சுத்தாள் இல்லாமல் பாடசாலைக் கொப்பித் தாளில் நாளிதழ் அச்சடித்த யாழ்ப்பாணத்தை அறிந்தவன் என்ற வகையில், அறுபது வயதில் பத்திரிகை வாங்கும் மனிதரை என்னால் சிரிக்காமலும் நினைக்க முடியவில்லை, மதிக்காமலும் இருக்க முடியவில்லை.

பலதார மணத்துக்கு எதிரான அமெரிக்கச் சட்டங்கள் இறுகி, 1890இல் சபைத் தலைவர் வில்போர்ட் வூட்ரப் அதைக் கைவிடும் அறிவிப்பை வெளியிட்டதையும், 1896இல் யூட்டா மாநிலமானதையும் பலன்டைன் கண்டார். தாம் சென்னையில் பிரசுரம் எழுதிக் காத்த கோட்பாட்டை, தம் கண்முன்னே சபை இறக்கிவைத்தது.

1898 நவெம்பர் 8ஆம் திகதி ஒக்டனில் அவர் காலமானார். வயது 81. மறு ஆண்டு ஞாயிறு பாடசாலையின் பொன்விழாவைச் சோல்ட் லேக் நகரில் பெரிதாகக் கொண்டாடினார்கள். சென்னைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் அச்சபையின் போதகர்கள் மறுபடி வந்து நிலைத்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1993இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு மிஷன் அமைந்தது. 2018இல் அதே நகரில் ஆலயம் கட்டப்போவதாக அறிவித்து, 2020 டிசெம்பரில் அத்திவாரம் தோண்டினார்கள். இம்முறை யாரையும் கப்பலேறச் சொல்லவில்லை.